கிரிவலமும் காலணியும்

திருவண்ணாமலை கிரிவலம் என்பது தமிழ்நாட்டின் திருவண்ணாமலை நகரில் உள்ள அண்ணாமலையைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் தொலைவு நடந்து வலம் வரும் வழிபாடு ஆகும். மலையே இலிங்க வடிவம் எனக் கருதப்படுவதால், காலணி அணியாமல் வெறுங்காலுடன் நடப்பது மரபாக உள்ளது. இந்த நடையின்போது பாதத்துக்கு ஏற்படும் தாக்கங்கள், வெறுங்கால் நடை யாருக்குப் பொருந்தும், யாருக்குக் காலணி தேவை, அக்காலணி எவ்வாறு அமைய வேண்டும் ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

பாதத்தில் தொடு உணர்ச்சி நன்றாக உள்ள ஒருவருக்கு, வெயில் தணிந்த நேரத்தில் வெறுங்காலுடன் நடப்பதால் வலியோ சிறு கொப்புளங்களோ ஏற்படலாம். அவை பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். நீரிழிவு, தொழுநோய் போன்ற காரணங்களால் பாத உணர்ச்சி குறைந்தவருக்கு இதே நடை, ஆறாத புண்ணுக்கும் சில வேளைகளில் கால் இழப்புக்கும் தொடக்கமாக அமையக்கூடும்.

காலணியைக் குறிக்கும் சொற்கள்

செருப்பு, மிதியடி, பாதுகை, காலணி ஆகிய சொற்கள் தமிழில் வழங்கி வருகின்றன. மரத்தால் செய்யப்பட்டது பாதக்குறடு எனப்படும். இலங்கைத் தமிழில் மூடிய காலணி சப்பாத்து எனப்படுகின்றது. சங்க இலக்கியத்தில் தொடுதோல் என்னும் சொல் காணப்படுகின்றது. பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, ஆயன் ஒருவனின் காலில் செருப்பு அழுத்தியதால் உண்டான தழும்பைக் குறிப்பிடுகின்றது. பொருந்தாத காலணி காலைக் கடிப்பது மிகப் பழைய தொல்லை என்பதற்கு இது சான்றாகும்.

பாதையும் மரபும்

கிரிவலம் பொதுவாக அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்கு இராசகோபுரத்தின் முன்னிருந்து தொடங்கும். மலை எப்போதும் வலப்பக்கம் இருக்குமாறு நடக்க வேண்டும். பாதை செங்கம் சாலை வழியாக இரமணாசிரமத்தைக் கடந்து, பின் வடக்கே திரும்பி, மலையின் மேற்குப் புறத்தில் உள்ள அடி அண்ணாமலை ஊர் வழியாகச் சென்று, காஞ்சி சாலையை அடைந்து மீண்டும் நகருக்குள் வருகின்றது. இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் ஆகிய எண்திசைக் காவலரின் பெயரால் அமைந்த எட்டு இலிங்கக் கோயில்கள் வழியில் உள்ளன. மலையை ஒட்டிய பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுச் சாலையின் இடப்பக்கமாக நடப்பதும் மரபு ஆகும்.

பாதையின் பெரும்பகுதி தார்ச் சாலை ஆகும். சாலையோரத்தில் பல இடங்களில் நடைமேடை உள்ளது. இதைத் தவிர மலையடிவாரத்தை ஒட்டி உள்வழிப் பாதை ஒன்றும் உண்டு. அது கல்லும் முள்ளும் நிறைந்த காட்டுப் பாதை. வனத்துறையின் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது.

முழுநிலவு நாட்களில் பெருந்திரளான மக்கள் இரவு முழுவதும் வலம் வருகின்றனர். சித்திரை முழுநிலவு, கார்த்திகைத் தீபம் ஆகிய நாட்களில் இக்கூட்டம் பல இலட்சமாகும்.

எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் கதை இடம்பெறுகின்றது. இக்கதைப்படி, பாண்டியன் குதிரை மீதேறிப் புனுகுப் பூனை ஒன்றைத் துரத்தி மலையைச் சுற்றி வந்தான். காலால் சுற்றிய குதிரையும் பூனையும் சாபம் நீங்கப் பெற்றன. குதிரை மேல் இருந்த அரசனுக்கு அப்பயன் கிட்டவில்லை. பின்னர் அவன் தானே நடந்து வலம் வந்தான். இக்கதை வலியுறுத்துவது ஊர்தியை விட்டுக் காலால் நடப்பதையே ஆகும்.

1896இல் திருவண்ணாமலைக்கு வந்த இரமண மகரிசி (1879–1950) 1926 வரை பலமுறை மலையை வலம் வந்தவர். நிறைமாதக் கருவுற்ற அரசி நடப்பது போல மெல்ல நடக்க வேண்டும் என்பது கிரிவலம் பற்றிய மரபுக் கூற்று. பாதத்தின் மீதான தாக்கத்தைக் குறைக்கும் வழியாகவும் இது பொருத்தமானதே. வேகம் குறையும்போது குதிகால் தரையில் மோதும் விசையும் குறைகின்றது.

பாதத்தின் மீதான தாக்கங்கள்

அடிகளின் எண்ணிக்கை

ஓர் அடியின் நீளம் 70 சென்டிமீட்டர் எனக் கொண்டால், 14 கிலோமீட்டருக்குச் சுமார் 20,000 அடிகள் வைக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு பாதமும் சுமார் 10,000 முறை உடல் எடையைத் தாங்குகின்றது. ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகள் உள்ளன. நடக்கும்போது எடை முதலில் குதிகாலிலும், பின்னர் விரல்களுக்குச் சற்றுக் கீழுள்ள முன்பாதத்திலும் குவிகின்றது. எனவே கொப்புளங்களும் காய்ப்பும் பெரும்பாலும் இவ்விரு இடங்களிலேயே உண்டாகின்றன.

வெப்பம்

கருநிறத் தார்ச் சாலை சூரிய ஒளியை மிகுதியாக உறிஞ்சுகின்றது. இதனால் வெப்பமான நாளின் நண்பகலில் அதன் மேற்பரப்பு காற்றைவிடப் பல பாகை சூடாக இருக்கும். 60 பாகை செல்சியசை எட்டவும் கூடும். சுமார் 44 பாகை வெப்பம் பல மணி நேரம் தோலைத் தொட்டிருந்தால் தீப்புண் உண்டாகத் தொடங்குகின்றது. 60 பாகையில் இதற்குச் சில நொடிகளே போதுமானவை. முழுநிலவு இரவில் நடக்கும் வழக்கம் இத்தொல்லையைப் பெரிதும் தவிர்க்கின்றது. எனினும் சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை தொடங்கிய பின்னும் சாலை சில மணி நேரம் சூடாகவே இருக்கும். கோயில்களின் முன் கொளுத்தப்படும் கற்பூரமும் கவனிக்க வேண்டிய ஒன்றாகும்.

ஈரம்

கார்த்திகைத் தீபம் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருகின்றது. நீரில் ஊறிய தோல் மென்மையாகி எளிதில் உரியும். அப்போது மணல் துகள்கள் உராய்ந்தாலே கொப்புளம் உண்டாகலாம்.

வெறுங்கால் நடை பற்றிய ஆய்வுகள்

வெறுங்கால் நடை எல்லாருக்கும் தீங்கானது அன்று. ராவ், ஜோசப் ஆகிய இந்திய மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையான 2,300 சிறுவர்களின் பாதங்களை ஆராய்ந்து 1992இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாமல் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது.

கென்யாவில் நடத்தப்பட்டு 2019இல் வெளியான மற்றோர் ஆய்வு, பாதத்தில் வளரும் காய்ப்பைப் பற்றியது. வழக்கமாக வெறுங்காலுடன் நடப்பவரின் காய்ப்பு பாதத்தைப் பாதுகாக்கின்றது என்றும், அதனால் தொடு உணர்ச்சி குறைவதில்லை என்றும் அது காட்டியது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு புலனாகின்றது. நாள்தோறும் வெறுங்காலுடன் வயலிலும் தெருவிலும் நடப்பவரின் பாதம் இந்த நடைக்குப் பழகியது. ஆண்டு முழுவதும் காலணி அணிந்து, நகரப் பேருந்திலிருந்து இறங்கியவுடன் அதைக் கழற்றி விட்டு 14 கிலோமீட்டர் நடப்பவரின் பாதத் தோல் மெல்லியது. இவர்கள் சில வாரங்களுக்கு முன்பிருந்தே நாள்தோறும் சிறிது தொலைவு வெறுங்காலுடன் நடந்து பழகுவது நல்லது.

உணர்ச்சி குறைந்த பாதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. நீண்ட நாள் நீரிழிவு நரம்புகளைத் தாக்குகின்றது. உடலில் மிக நீளமான நரம்புகள் காலுக்குச் செல்வன என்பதால் உணர்ச்சி இழப்பு பொதுவாகக் கால்விரல்களில் தொடங்கி மேலேறுகின்றது. இது மெல்ல நிகழ்வதால் பலர் இதனை அறிவதில்லை.

இத்தகைய பாதங்கள் ஏன் புண்ணாகின்றன என்பதை விளக்கிய முதன்மையான ஆய்வுகள், திருவண்ணாமலையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூரில் நடந்தவை ஆகும். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்டு (1914–2003) 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியில் சேர்ந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் நேரடியாக அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் நம்பப்பட்டது. வலி தெரியாததால் கவனிக்கப்படாமல் விடப்படும் காயங்களே அவ்விழப்புக்குப் பெரிதும் காரணம் என்பதை பிராண்டு எடுத்துக்காட்டினார்.

நெடுந்தொலைவு நடை பற்றிய அவரது கண்டறிதல் கிரிவலத்துக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். உணர்ச்சியுள்ள ஒருவர் பல கிலோமீட்டர் நடக்கும்போது, பாதத்தின் ஒரு பகுதி நோகத் தொடங்கியவுடன் அவர் தம்மை அறியாமலே நடையை மாற்றிக்கொள்கின்றார். அடி குறுகும், எடை பாதத்தின் விளிம்புக்கு மாறும், சற்று நொண்டுவார், இறுதியில் உட்கார்ந்து விடுவார். உணர்ச்சியற்றவர் முதல் அடியை வைத்தது போலவே கடைசி அடியையும் வைக்கின்றார். ஒரே இடம் ஆயிரக்கணக்கான முறை அழுத்தப்பட்டு, உள்ளே திசு சிதைந்து, பின்னர் புண்ணாக வெளிப்படுகின்றது. எனவே கல், முள், வெப்பம் எதுவும் இல்லாத வழவழப்பான சாலையிலும் இவருக்கு ஆபத்து உண்டு. பத்தாவது கிலோமீட்டரில் வலியே இல்லை என்பது இவரைப் பொறுத்தவரை நல்ல அறிகுறி அன்று.

இந்த அறிவின் அடிப்படையில் வேலூரிலும், அருகில் கரிகிரியில் 1955இல் நிறுவப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் நுண்ணறை இரப்பரால் ஆன காலணிகள் உருவாக்கப்பட்டன. இவை எம்.சி.ஆர். செருப்பு என அழைக்கப்படுகின்றன. தொழுநோயாளருக்காகத் தோன்றிய இவை இன்று நீரிழிவு நோயாளருக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, அதே முறைகளை நீரிழிவுப் பாதத்துக்கும் பயன்படுத்தினார்.

உணர்ச்சியைச் சோதிக்கும் முறை

மருத்துவமனைகளில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து உணர்ச்சியைச் சோதிப்பர். கருவி இல்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய தொடு சோதனை ஒன்று இங்கிலாந்தின் இப்சுவிச் நகர மருத்துவர்களால் 2011இல் வெளியிடப்பட்டது. அதன் படிகள் பின்வருமாறு:

- சோதிக்கப்படுபவர் கண்களை மூடிக்கொண்டு கால் நீட்டிப் படுக்க வேண்டும்.
- வீட்டில் உள்ள ஒருவர் இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைத் தம் சுட்டுவிரலால் மெல்லத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒவ்வொரு விரலையும் ஒரு முறையே தொட வேண்டும்.
- தொடுவதை உணரும்போதெல்லாம் வலம் அல்லது இடம் என்று கூற வேண்டும்.
- ஆறு தொடுதல்களில் இரண்டோ அதற்கு மேலோ உணரப்படாவிடின் பாத உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உள்ளது.

இவ்வாறு உள்ளவர் வெறுங்காலுடன் கிரிவலம் செல்லாமல் மருத்துவரை அணுக வேண்டும். உணர்ச்சி இருந்தும், காலில் இரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும், முன்பு பாதப் புண் வந்து ஆறியவர்களுக்கும் இது பொருந்தும்.

காலணி அணிந்து வலம் வருதல்

கிரிவலப் பாதை பொதுச் சாலை ஆகும். கோயில்களுக்குள் காலணி அணிந்து செல்லக்கூடாது. ஆனால் சாலையில் மருத்துவக் காரணத்துக்காகக் காலணி அணிந்து நடப்பவர்கள் உள்ளனர். ஒவ்வொரு இலிங்கக் கோயிலின் முன்னும் காலணியைக் கழற்றி விட்டு வழிபட்டு, உடனே மீண்டும் அணிந்துகொள்ளலாம். அவ்வாறு நிற்கும் இடத்தில் கற்பூரத் தணலோ உடைந்த தேங்காய் ஓடோ இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். காலில் திறந்த புண் உள்ளவர்கள் காலணியுடனும் நெடுந்தொலைவு நடக்கக்கூடாது. இவர்கள் ஊர்தியில் வலம் வருவதே பாதுகாப்பானது.

வெறும் காலுறை மட்டும் அணிந்து நடப்பது தீர்வு ஆகாது. அது வெப்பத்தையும் முள்ளையும் தடுப்பதில்லை, காயத்தை மறைத்துவிடும்.

நடைக்கு ஏற்ற காலணி

அளவு

பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும். எனவே காலணியை மாலையில், நின்ற நிலையில், இரு கால்களிலும் அணிந்து பார்த்து வாங்க வேண்டும். மிக நீளமான விரலுக்கு முன்னால் சுமார் 1 சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும். அந்த விரல் எல்லாருக்கும் பெருவிரலாக இருப்பதில்லை.

காலணி எண் நீளத்தையே குறிக்கின்றது. பிரித்தானிய முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் ஆகும். ஐரோப்பிய முறையில் இது சுமார் 6.7 மில்லிமீட்டர் ஆகும். அகலம் இவ்வெண்களில் இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்தது. இந்தியரின் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்று கண்டு, 'பா' என்னும் தனி அளவுமுறை ஒன்று 2024இல் முன்மொழியப்பட்டது. அகலம் போதவில்லை என்பதற்காகப் பெரிய எண் வாங்குபவருக்கு நீளம் மிகுதியாகி, குதிகால் வழுக்கிக் கொப்புளம் உண்டாகும்.

அமைப்பு

- குதிகாலைச் சுற்றிப் பின்வார் இருக்க வேண்டும். பின்வார் இல்லாத ஹவாய் செருப்பு, உணர்ச்சி குறைந்தவரின் காலிலிருந்து அவர் அறியாமலே கழன்று விழக்கூடும். அதன் விரலிடை வாரும் புண்ணை ஏற்படுத்தும்.
- அடியின் மேல்பகுதி மென்மையாகவும், தரையைத் தொடும் பகுதி முள் ஏறாதவாறு உறுதியாகவும் இருக்க வேண்டும்.
- வளைத்துப் பார்த்தால் முன்பாதம் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடியக்கூடாது.
- வார்களை ஒட்டுப்பட்டை அல்லது கொக்கியால் தளர்த்தவும் இறுக்கவும் முடிய வேண்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கும்போது இது தேவைப்படும்.
- உட்புறத்தில் தையல் முடிச்சோ ஆணி முனையோ இருக்கக்கூடாது. ஒவ்வொரு முறை அணியும் முன்பும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

புதிய காலணியுடன் கிரிவலம் தொடங்கக்கூடாது. முதல் நாள் ஒரு மணி நேரம் அணிந்து, கழற்றி, தோல் சிவந்துள்ளதா எனப் பார்த்து, படிப்படியாக நேரத்தைக் கூட்ட வேண்டும்.

நடைக்குப் பின்

- பாதத்தை வெதுவெதுப்பான அல்லது குளிர்ந்த நீரில் கழுவி, விரலிடுக்குகளை நன்கு துடைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் நீரின் சூட்டைக் கையின் முழங்கைப் பகுதியால் அறிய வேண்டும். சுடுநீரில் கால் ஊற வைக்கக்கூடாது.
- உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கலாம். பார்வை குறைந்தவர்கள் மற்றவரைப் பார்க்கச் சொல்லலாம்.
- உடையாத கொப்புளத்தைக் குத்தாமல் தூய துணியால் மூடிவைக்க வேண்டும்.
- நீரிழிவு உடையவர் காலில் புண், நிறமாற்றம், ஒரு பக்கத்தில் மட்டும் சூடு அல்லது வீக்கம் கண்டால், வலி இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிற நாடுகளில்

அயர்லாந்தில் சுமார் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பாட்ரிக் மலை மீது சூலை மாதக் கடைசி ஞாயிறு அன்று மக்கள் புனித நடையாக ஏறுகின்றனர். அவர்களில் சிலர் வெறுங்காலுடன் ஏறுவர். திபெத்தில் கைலாய மலையைச் சுற்றும் சுமார் 52 கிலோமீட்டர் நடையும், சப்பானில் சிகோக்குத் தீவின் 88 கோயில்களைச் சுற்றும் சுமார் 1,200 கிலோமீட்டர் நடையும் காலணியுடனேயே மேற்கொள்ளப்படுகின்றன.

குளிர்காலத்தில் ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பவர்களும் ஒரே நாளில் கிரிவல அளவு தொலைவு நடப்பதுண்டு. அங்கு சூட்டுக்குப் பதிலாகக் குளிரும், தாருக்குப் பதிலாகக் கல் பாவிய தெருக்களும் பனிச்சேறும் பாதத்தைத் தாக்குகின்றன. நீர் புகாத மேற்பகுதி, வழுக்காத ஆழ்ந்த வரிகள் கொண்ட அடி, தடித்த கம்பளிக் காலுறையை அணிந்துகொண்டே அளவு பார்த்தல் ஆகியவை அங்கு வேண்டப்படுவன. இறுக்கமான காலணி இரத்த ஓட்டத்தைக் குறைத்துப் பாதத்தை மேலும் குளிரச் செய்யும். உணர்ச்சி குறைந்தவர்கள் குளிர்ந்த காலைக் கணப்படுப்பின் அருகே நீட்டித் தீப்புண் அடைவதும் உண்டு. ஐரோப்பிய கடைகளில் விற்கப்படும் தோல் காலணிகளில் ஒரு பகுதி, வேலூரைச் சூழ்ந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தொழிலகங்களில் செய்யப்படுவதாகும்.

தரையும் பருவமும் வேறுபட்டாலும், எந்த நெடுநடைக்கும் முன் பாதத்தின் உணர்ச்சியை அறிந்துகொள்வதும், பழகிய காலணியையே அணிவதும், நடை முடிந்தபின் பாதத்தைப் பார்ப்பதும் பொதுவானவை ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

- அருணாசலேசுவரர் கோயில்
- கார்த்திகைத் தீபம்
- நீரிழிவு நோய்
- பால் பிராண்டு
- மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம்